எந்த மழை என்று சொல்லவில்லை

திருவனந்தபுரத்துக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். வைகாசி நடுவில் தொடங்குவது இடவப்பாதி. ஐப்பசியில் இடியும் மின்னலுமாக வருவது துலாவர்ஷம். ஊறுகாயை வெயிலில் வைப்பதிலிருந்து கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது வரை எல்லாவற்றையும் இந்த இரண்டுக்கும் நடுவில் முடித்துக்கொள்ள வேண்டும். மழையைத் திட்டாத பெண்பிள்ளை அந்த ஊரில் கிடையாது. நான் அறிந்த வரையில் ஒருத்திதான் இரண்டு மழையையும் தன் கட்சி சாட்சிகளாக வைத்துக்கொண்டு வாழ்ந்தாள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

தைக்காட்டில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு சுவர், பின்னால் பொதுவாக ஒரு கிணறும் முற்றமும். என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலை. நாஞ்சில் நாட்டிலிருந்து என்னைக் கூட்டிவந்து அங்கே குடிவைத்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பக்கத்தில் ஒரு தையல் டீச்சர் தனியாக இருக்கிறாள், திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரி, புருஷன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்குப் பார்க்கும் கிராணி, ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததிலிருந்து கடிதாசி இல்லை என்று வாடகை பேசும்போதே வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். ஐயோ பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் அந்த இரக்கத்தை அவளே போக்கிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். துவைத்த துணி முழுக்கப் பின்முற்றத்துக் கொடியில் கிடந்தது. திடீரென்று இடி, அதன் பின்னாலேயே மழை. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு பெண்குரல் எதையோ உரக்கப் படிப்பது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வெள்ளைச் சேலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெண் பின்வாசல் படியில் நின்றுகொண்டு, மழையைப் பார்த்துப் பாட்டு படிக்கிறாள். விரலில் தையல்காரர்கள் மாட்டும் பித்தளை உறை. அதனால் புத்தகத்து அட்டையில் தட்டித் தாளம் வேறு. அவள் கையை நீட்டினால் எங்கள் கொடியை எட்டலாம். என் புதுச் சேலை உட்பட எல்லாம் தொப்பலாக நனைந்து தொங்குகிறது.

“எக்கா! துணி நனையுதுண்ணு ஒரு சத்தம் குடுக்கப்படாதா?”

அவள் உறை மாட்டின விரலைத் தூக்கி என்னைப் பொறுக்கச் சொன்னாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள். புத்தகத்தை மூடினாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“பாத்தேன் தங்கச்சி. பாட்டு பாதியில நிக்கி. பாதியில விடக்கூடாது பாத்துக்கோ. துணி நாளைக்கும் காயும்லா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் வேகமாக இறங்கிவந்து நனைந்த துணியெல்லாம் வாரிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாள் காலையில் அத்தனையும் உலர்ந்து, கரிப்பெட்டி வைத்துத் தேய்த்து, மடித்து வந்து சேர்ந்தன. என் ரவிக்கை ஒன்றில் கைக்குழிப் பக்கம் தையல் விட்டிருந்தது, அதையும் தைத்திருந்தாள். சண்டை போட எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை.

அன்று அவர்களுக்குப் பெந்தெகொஸ்தே பண்டிகையாம். பரிசுத்த ஆவி அக்கினியாகவும் பெருங்காற்றாகவும் இறங்கின நாள். காற்றும் முதல் மழையும் அதே சாயங்காலம் வந்ததில் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நாளுக்கென்று வைத்திருந்த மழைப்பாட்டை, மழை வந்தால்தான் படிப்பது என்று கோயிலிலிருந்து வந்து காத்து நின்றிருக்கிறாள்.

அவளுடைய அப்பா உபதேசியார். காலையில் வேதம் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலமானால் பழைய அகப்பாட்டுகளில் முங்கிவிடுவார். சபையில் அதற்காக அவரைக் கொஞ்சம் பேசவும் பேசினார்கள். அந்தப் பாட்டுகளில் மலை, காடு, வயல், கடற்கரை, வறண்ட வழி என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு காலம் உண்டு, ஒரு மனசு உண்டு. கோயிலிலும் வருஷத்தை அப்படித்தானே பிரித்து வைத்திருக்கிறார்கள், காத்திருக்க ஒரு காலம், நோன்புக்கு ஒரு காலம், மகிழ ஒரு காலம் என்று. மனுஷர் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள் கர்த்தர் வருவார் என்று காத்திருக்கும் காலம். ஆகவே, மழை வந்தாயிற்று, போனவர் வருவார் என்று பெண்ணொருத்தி காத்திருக்கும் முல்லைப் பாட்டு. லெந்து என்கிற நாற்பது நாள் நோன்புக்குப் பிரிவைச் சொல்லும் பாலை. ஈஸ்டருக்கு மாந்தளிரும் குயிலுமாக இளவேனில். அப்பா போட்ட அந்த வரிசையை மகள் ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்தமாட்டாள்.

“பாட்டுக்கும் நாளு உண்டு தங்கச்சி. மார்கழியில பலாப்பழம் கேட்டா யாரு தருவா?” என்பாள்.

இந்த வரிசையில் ஒரு இடைஞ்சல் இருந்தது. பாட்டுகளைப் பாடினவர்கள் திருவனந்தபுரத்தைப் பார்க்கவில்லை. முன்பனிக் காலத்துப் பாட்டை அக்கா கிறிஸ்துமஸ் விடியற்காலையில் படிப்பாள். அதற்கென்று ஒரு கம்பளிச் சால்வை. பனி இருக்கவேண்டிய நேரத்தில் தென்னை ஓலைகூட அசையாத புழுக்கமாக இருக்கும். அவள் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு, குளிரில் நடுங்கும் பெண்ணைப் பற்றிப் படிப்பாள். நெற்றியிலிருந்து வேர்வை மூக்குக்கண்ணாடிக்குள் இறங்கும். நான் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“எக்கா, அந்தப் பொம்பளைக்கு நடுங்குதோ இல்லியோ, உங்களுக்கு மயக்கம் வந்திரும். சால்வையை எடுங்க.”

“சும்மா இருளா. பாட்டுக்குள்ள குளுருது.”

முடிந்ததும் சால்வையை எறிந்துவிட்டுக் கிணற்றடியில் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வாள். பிறகு புதுச் சேலை உடுத்தி, கோயிலுக்குப் போகும் வழியில் பாசிப்பயறு முந்திரிக்கொத்தை ஒரு தட்டில் வைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். சீனி ரேஷனாக இருந்ததால் கருப்பட்டிதான். எங்கள் ஊர்ப் பண்டத்தை எங்களைவிட நன்றாக ஒரு திருநெல்வேலிக்காரி செய்கிறாளே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

கொன்றை மரத்தோடுதான் அவளுக்குத் தீராத சண்டை. எங்கள் வாசலில் ஒரு கொன்றை நின்றது. பாட்டுகளில் கார்காலத்து மழையில் பூக்கிற மரம் அது. கொன்றை பூத்தால் தலைவன் வரவேண்டும். மலையாளத்து மண்ணில் அது நடு வெயிலில், விஷுவுக்குக் கணி வைக்கிற சமயத்தில், இலையெல்லாம் உதிர்ந்து சரம்சரமாய் மஞ்சளாய்த் தொங்கும். அநேகமாக லெந்து நாட்களும் அதையொட்டித்தான் வரும். அவள் பாலை படித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் முல்லை நிலத்து மரம் சிரித்துக்கொண்டு நிற்கும்.

“இந்த ஊர்க் கொன்றைக்குப் பாட்டே தெரியல. மழையே இல்லாம எவனை வரவேற்கப் பூத்து நிக்கோ!” என்று அதைத் திட்டிக்கொண்டு போவாள்.

தையல் டீச்சர் என்பதால் கோயில் பீடத்துக்கு விரிக்கும் துணிகளும் அவள் கைவேலைதான். காலத்துக்கு ஒரு நிறம். பெந்தெகொஸ்தேக்குச் சிவப்புத் துணியில் அக்கினி நாவுகள் போட்டுத் தரும்படி போதகர் கேட்டார். இவள் செங்காந்தள் பூவைத் தைத்துவைத்தாள். பீடத்தில் விரித்ததும் சபைப் பெரியவர் ஒருவர், “டீச்சர், அக்கினி கேட்டோம், பூ இருக்கே?” என்றாராம். “நல்லா பாருங்கய்யா, எரியுது” என்றாளாம் இவள். அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எரியத்தான் செய்கிறது என்று ஒத்துக்கொண்டாராம். இதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்ததில் எங்கள் வீட்டுக் காப்பி ஆறிப்போனது.

இவ்வளவு படித்தாலும் ஒரு பாட்டை மட்டும் படிக்கமாட்டாள். முல்லையின் கடைசியில், மழை பெய்து காடெல்லாம் பூத்துக் கிடக்க, போனவன் தேரை விரட்டிக்கொண்டு வீடு வந்து சேரும் பாட்டு ஒன்று. புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள்.

“அதை என்னத்துக்கு விடுதிய?” என்று கேட்டேன்.

“அது அவிய வந்தப்புறம்.”

அவிய என்றால் அவளுடைய கிராணியார். கல்யாணம் முடிந்து சில மாதம்தான் சேர்ந்து இருந்தார்கள். லீவு தீர்ந்து அவர் புறப்பட்டபோது, தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் நகரும் நேரத்தில் ஜன்னல் வழியாக, “மழைக்கு வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். பாவம், வேறெதுவும் தோன்றாமல் சொல்லியிருப்பார். பாட்டுகளில் போகிற தலைவன் ஒவ்வொருவனும் அதையேதான் சொல்லிவிட்டுப் போகிறான். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு மழைகள் வந்தன, அவர் வரவில்லை. இடவப்பாதி தொடங்கினால் பால்காரி வாசலில் நின்று, “மழ வந்நல்லோ டீச்சரே, பாட்டில்லே?” என்று கேட்பாள். அக்கா படிப்பாள். படித்துவிட்டு என்னிடம், “இது காலம் தெரியாம வந்த மழை தங்கச்சி. நிசமான மழை ஐப்பசியிலதான். பாட்டுல தோழி சொல்லுவா, ஏமாந்துராதே, இது அவன் சொன்ன மழை இல்லேன்னு” என்பாள். ஐப்பசியும் வந்து போகும். கிறிஸ்துமஸ் முடிந்ததும், “அவிய இடவப்பாதியைத்தான் சொல்லியிருக்கணும். இந்த ஊர்ல பெரிய மழை அதுதானே?” என்பாள். கேட்கிற நான் அடுப்பை ஊதுகிற சாக்கில் குனிந்துகொள்வேன். அவளோ அரைத்த மாவைப் பானைக்கு மாற்றிக்கொண்டே சொல்வாள்.

அவளுடைய பிடிவாதத்தில் நானும் ஒருதடவை அடிபட்டேன். எனக்கு மாதம் ஏறியிருந்தது. லெந்து நாட்கள். வெயில் தாங்கவில்லை, சோறு இறங்கவில்லை, மழையைப் பற்றி யாராவது பேசினால் தேவலை போல இருந்தது. “எக்கா, ஒரே ஒரு மழைப்பாட்டு படியுங்க” என்று கெஞ்சினேன்.

“ஈஸ்டர் கழியட்டும்.”

“வயித்துப்பிள்ளைக்காரி கேக்கேன்.”

“உனக்கு மாங்கா தாரேன், மோர் தாரேன், காலு பிடிச்சு விடுதேன். லெந்துல மழைப்பாட்டு மட்டும் கேக்காதே.”

சொன்னபடியே மாங்காய் வந்தது, மோர் வந்தது, தினமும் காலும் பிடித்துவிட்டாள். பாட்டு வரவில்லை. நான் கோபித்துக்கொண்டு முகம் கொடுக்காமல் இருந்தேன். ஈஸ்டர் அன்று விடிகிறதற்குள் கோயிலுக்குப் போய்வந்து, என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குயில் கூவுகிற பாட்டாகப் படித்துத் தீர்த்தாள். வெளியே நிஜமாகவே ஒரு குயில் கூவியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் வென்றுவிட்டாள். அடுத்த வாரம் என் மகள் பிறந்தாள்.

அந்த வருஷம் துலாவர்ஷம் ஓய்ந்து, அவள் மறுபடி முல்லை படிக்கத் தொடங்கியிருந்த சமயம், ஊரிலிருந்து அவள் கொழுந்தன் வந்தார். நல்ல மனுஷர். பின்வாசல் படியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். தம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார். நான் கிணற்றடியில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

“மதினி, அம்மை படுத்தே கெடக்கா. அண்ணனுக்கு ஒரு நினைவு ஆராதனை வச்சிருவோம்னு ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ. நீங்களும் அங்க வந்து எங்ககூட இருங்க. எத்தனை நாளைக்கு இப்பிடித் தனியா?”

கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடி நான் நின்றுவிட்டேன். அக்கா சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள், மறுபடி அதே இடத்தில் குத்தினாள்.

“உங்க அண்ணன் மழைக்கு வாரேன்னு சொன்னாவ.”

“மதினி, எத்தனையோ மழை பேஞ்சாச்சு.”

“இந்த ஊர்ல வருசத்துக்கு ரெண்டு. எந்த மழைன்னு அவிய சொல்லல. சொல்லாததை வச்சு நான் எப்பிடி ஆராதனைக்குச் சம்மதிப்பேன்?”

கொழுந்தன் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மைகிட்ட இப்பிடியே சொல்லுதேன் மதினி. அவளுக்கும் இதுதான் வேணும்” என்றார். ஆராதனைப் பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் அக்கா, “சங்குமுகம் போயிட்டு வருவோமா தங்கச்சி?” என்றாள். எப்போதாவது அவள் தனியாகக் கடற்கரைக்குப் போய்விட்டு மீனோடு திரும்புவதை நான் பார்த்ததுண்டு. மீன் வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன். அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். மணலில் உட்கார்ந்தாள். அலையைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அவளை அப்படி நான் கண்டதில்லை. பயந்துபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“வீட்டுல வச்சு அழலாமேக்கா, நான் வரமாட்டேனா?”

“வீடு முல்லைளா. அங்க காத்துதான் இருக்கணும். அழுகிறதுக்குன்னு பாட்டுக்காரங்க நெய்தலை வச்சிருக்காங்க, கடற்கரையை. அதான் இங்க வாரது.”

ஒரு மனுஷி தன் அழுகைக்குக்கூட இடம் பார்த்து வைத்திருப்பாளா? எனக்கு அவள் மேல் கோபமும் பாசமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. நானும் அழுதேன். பிள்ளையும் அழுதது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து சேலையிலிருந்த மணலைத் தட்டினாள். “சரி, நெய்தல் முடிஞ்சுது. சாளை நல்லாருக்கு, வாங்குவோமா?” என்றாள். வருகிற வழியெல்லாம் மீன்காரியின் பேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

யுத்தம் முடிந்தது. மலாயாவிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. தெருக்கோடியில் ஒரு வீட்டுக்குப் பையன் வந்தான். சாலையில் ஒரு செட்டியார் வீட்டுக்கு ஆள் வரவில்லை, செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் விசாரிக்காத ஆள் கிடையாது. அக்கா மட்டும் அந்தத் துலாவர்ஷத்தில் எதையும் விசாரிக்காமல், அந்த இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கிறிஸ்துமஸில் சால்வைக்குள் அவள் குரல் கொஞ்சம் மெலிந்திருந்ததை நான் கவனித்தேன். கேட்டால் தொண்டைக்கட்டு என்றாள். ஊருக்குப் போய் மாமியாரோடு இருந்துவிடலாமா என்று யோசிப்பதாக, அவள் வாயாலேயே முதல் தடவையாகச் சொன்னாள். இடவப்பாதி வரைக்கும் பார்க்கலாம் என்றாள். அதற்குள் லெந்து வந்துவிட்டது.

குருத்தோலை ஞாயிறு கழிந்து, பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை. விஷுவும் அப்போதுதான் முடிந்திருந்தது. வாசல் கொன்றை கிளை தெரியாமல் பூத்து நின்றது. அக்கா மத்தியான ஆராதனைக்குப் போயிருந்தாள். நான் வாசலில் பாய் விரித்துக் கூழ்வற்றல் பிழிந்து காயவைத்திருந்தேன். வானத்தில் ஒரு உறுமல். நான் தலையைத் தூக்குவதற்குள் சடசடவென்று கோடைமழை விழத் தொடங்கியது.

மாவும் அரிசியும் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நாள். நான் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினேன். வாசலில் தொளதொள காக்கிச்சட்டையும் தகரப்பெட்டியுமாக ஒரு ஆள் நனைந்துகொண்டு நின்றார்.

“என்ன நிண்ணு பாக்கேரு? அந்தப் பாய்க்க மறு தலையைப் பிடியும்!”

அவர் பெட்டியைச் சேற்றிலேயே போட்டுவிட்டுப் பாயைப் பிடித்தார். இருவருமாக வற்றலை வராந்தாவுக்குக் கொண்டுவந்தோம். நீர் சொட்டச் சொட்ட நின்று, “இங்கன ஒரு தையல் டீச்சர் இருந்தாவளே, இப்பவும் இருக்காவளா?” என்று கேட்டார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

என் கையிலிருந்த வற்றல் கீழே விழுந்தது.

“மழைக்கு வாரேண்ணு சொல்லிட்டுப் போனது நீங்கதானா?”

“அதையெல்லாமா சொல்லி வச்சிருக்கா?” என்றார் அவர். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

துவட்டத் துண்டு கொடுத்தேன், காப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு அக்கா தெருவில் வருவது தெரிந்தது. கொன்றை மரத்தடிக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்தாள். குடை மேல் மஞ்சள் பூவாக உதிர்ந்துகொண்டிருக்க, அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“எந்த மழைக்கு வந்திருக்கிய?” என்றாள். அவ்வளவு மெதுவாக.

அவர் எழுந்து நின்றார். “நான் மழைன்னுதானளா சொன்னேன்.”

அவள் வராந்தாவில் ஏறி அவர் பக்கத்தில் வந்தாள். தொடவில்லை, தொட அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? கூரைக்குக் கீழே நிற்கிற மனுஷருக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் குடைக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அடுக்களைக்குள் ஓடிப்போய் அழுது தீர்த்தேன், சந்தோஷத்தில் அழுவதற்கு எந்த நிலம் என்று அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று.

அன்று சாயங்காலம் எல்லோரும் அவள் வீட்டில்தான். கஞ்சியும் சிறுபயறும், மழையில் நனைந்த என் வற்றலைப் பொரித்ததும். மனுஷர் நாலு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விளக்கேற்றியதும் அக்கா புத்தகத்தை எடுத்தாள், விரலில் உறையை மாட்டிக்கொண்டாள். இரண்டு தாளைப் பிரித்து அந்தப் பக்கத்தை விரித்தாள்.

நான் விடுவேனா? “எக்கா, இது லெந்து. பாலை அல்லவா படிக்கணும்? எனக்க வயித்துப்பிள்ளைக்கே நீங்க மசியல்லியே!”

அவள் வாசலைக் காட்டினாள். வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது.

“கொன்றை பூத்திருக்கு. மழை பெய்யுது. ஆளு வந்தாச்சு. இனி எந்த மாசமா இருந்தா என்னளா? நான்தான் அந்த மரத்தை வீணா ஏசிட்டேன்.”

படித்தாள். ஈரமான காட்டு வழி வந்தது, பூத்த புதர்கள் வந்தன, தேரை இன்னும் வேகமாக ஓட்டு என்று பாகனை அவசரப்படுத்தும் குரல் வந்தது. இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தும் ஒரு சொல்லில்கூட அவள் தடுமாறவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால், கிராணியார் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். தேர் பாதி வழிகூட வந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுப்புகிற மாதிரி இருமினார். அக்கா உறை மாட்டின விரலைத் தூக்கினாள், முதன்முதலில் மழையில் எனக்குத் தூக்கின அதே மாதிரி. கடைசி வரி வரைக்கும் படித்துப் புத்தகத்தை மூடினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“தூங்கட்டும். பாட்டுல வந்தவனும் வீடு வந்ததும் இப்பிடித்தான் தூங்கியிருப்பான். புலவரு வாசலோட நிறுத்திட்டாரு” என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மழை விட்டு வெயில் வந்துவிட்டது. அக்காவும் வரிசைக்குத் திரும்பிவிட்டாள். சாயங்காலம் பாலை. கிராணியார் இப்போது நன்றாக விழித்திருந்தார். சுட்ட முந்திரிக்கொட்டையை உடைத்து, பருப்பை அவளுக்கும் என் மகளுக்குமாகப் பங்குவைத்துக்கொண்டு கேட்டார். பிரிவு, வறண்ட வழி, வாடின பெண் என்று பாட்டு போய்க்கொண்டிருந்தது.

நடுவில் அவர், “இதுல எவன்ளா போறான்?” என்றார்.

அக்கா பாட்டை விடாமல் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, “ஒருத்தன் பொண்டாட்டியை விட்டுட்டுப் பொருள் தேடிப் போறான்” என்றாள்.

அவர் ஒரு கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டினார்.

“போவாண்டாம்னு சொல்லு.”

அக்கா அடுத்த வரியைத் தொடங்கினாள். முடியவில்லை. மறுபடி தொடங்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள், புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அவள் ஒரு பாட்டைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.